சுண்டெலிக் கருவில் குடல் வளர்ச்சி: முதல் பரிசோதனைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிஎச்டி சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஜீன் நீக்கிய 13.5 நாள் கருவின் பெருங்குடலில் பின்பாதி முழுக்க நரம்பு செல்களே இல்லை. சாதாரணக் கருவில் அவை அந்த இடத்தைத் தொட்டிருந்தன. பிறவியிலேயே பெருங்குடலில் நரம்பு இல்லாமல் போகும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்கு ஒரு புதிய காரணத்தைக் கண்டுவிட்டேன் என்றே நினைத்தேன். ஏழு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. ஜீன் நீக்கிய கருக்களை நான் காலை 9 மணிக்கு எடுத்திருந்தேன். ஒப்பிட வைத்திருந்த சாதாரணக் கருக்கள் வேறொரு தாயிடமிருந்து மாலை 6 மணிக்கு எடுத்தவை. நான் பார்த்தது கடிகார வித்தியாசம், நோய் இல்லை.

இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்கள் விழும் குழிகளில் முக்கால்வாசி இதே வகைதான்: தாமதத்தைக் குறைபாடு என்று நினைத்துவிடுவது. கீழே இருக்கும் படிகளை எழுதியது அதற்காகத்தான். இந்தியாவில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து முதன்முதலாக சுண்டெலிக் கருவைத் தொடப்போகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு நாட்டில் இருந்தால் 2ஆம் படியை மட்டும் உங்கள் ஊர் விதிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை நாளோடும் இடத்தோடும் எழுதுங்கள்

"இந்த ஜீன் குடல் வளர்ச்சியில் என்ன செய்கிறது?" என்பதை வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனையும் வடிவமைக்க முடியாது. "11.5 நாளில், சீகத்தின் அருகே, நரம்பு முகடு செல்கள் முன்னேறும் வேகம் குறைகிறதா?" என்று எழுதினால் முடியும். (நரம்பு முகடு செல்கள் என்பவை குடலுக்குள் நகர்ந்து வந்து அதன் நரம்புகளாக மாறுபவை. சீகம் என்பது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்துப் பை.) குடல் ஒரு நீளமான குழாய். அதில் எல்லாமே வாய்ப்பக்கம் தொடங்கி ஆசனவாய்ப்பக்கம் அலைபோல நகர்கிறது. ஒரே கருவின் ஒரே குடலில் முன்பகுதி ஒரு வயதிலும் பின்பகுதி இன்னொரு வயதிலும் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் காலக்கணக்கு இது:

- 7.5 நாள்: அகப்படலம் (குடலின் உட்புறமாக மாறப்போகும் செல் அடுக்கு) ஒரு தட்டையான படலமாக இருக்கிறது.
- 8.5 நாள்: முன்குடல் பை, பின்குடல் பை இரண்டும் மடிந்து உருவாகின்றன. கரு திரும்பிப் படுக்கும் சமயமும் இதுதான்.
- 9.5 நாள்: குழாய் மூடிவிடும். நரம்பு முகடு செல்கள் முன்குடலுக்குள் நுழையும்.
- 10.5 நாள்: இரைப்பை உப்பத் தொடங்கும். குடலைத் தாங்கும் சவ்வில் இடது வலது வேறுபாடு தெரியும். இடதுபக்கம் பிட்எக்ஸ்2 ஜீன் இயங்கும். குடல் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பது இங்கே முடிவாகிறது.
- 11.5 நாள்: நரம்பு முகடு செல்கள் சீகம்வரை வந்திருக்கும்.
- 14.5 நாள்: அவை பெருங்குடலின் கடைசிவரை போய்ச் சேரும். முன்சிறுகுடலில் குடலுறிஞ்சிகள் எழத் தொடங்கும். அந்த அலை பின்சிறுகுடலை எட்ட மேலும் ஏறக்குறைய இரண்டு நாளாகும்.

சுண்டெலியின் கர்ப்பகாலமே 19, 20 நாள்தான். இதில் ஒரு நாள் தவறினால் வேறொரு நிகழ்வைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எனவே இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நிகழ்வு நடக்கும்போது ஒன்று, நடந்து முடிந்திருக்க வேண்டிய காலத்தில் ஒன்று. நான் 13.5 நாளை மட்டும் பார்த்தேன். கூடவே 15.5 நாளில் நான்கு கருக்கள் எடுத்திருந்தால் பெருங்குடல் முழுக்க நரம்பு செல்கள் இருப்பது அப்போதே தெரிந்திருக்கும், ஏழு மாதமும் மிச்சமாகியிருக்கும்.

2. அனுமதிக் காகிதங்கள்

சுண்டெலியைக் கண்ணால் பார்க்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. அடிப்படைச் சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். பரிசோதனைகளுக்கான விதிகள் 1998இல் வந்தவை. மேலிருந்து கண்காணிக்கும் குழுவைப் பழைய ஆட்கள் இன்னும் சிபிசிஎஸ்இஏ என்பார்கள். இப்போதைய பெயர் சிசிஎஸ்இஏ. உங்கள் நிறுவன விலங்ககம் அங்கே பதிவு பெற்றிருக்கும். உங்கள் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தருவது நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் விலங்கு நெறிமுறைக் குழு. அதில் சிசிஎஸ்இஏ நியமித்த உறுப்பினரும் இருப்பார்.

நிரப்ப வேண்டியது படிவம் பி. என் படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்:

முதல் முறை, எண்ணிக்கைக்குக் கணக்கு இல்லை என்று. "100 சுண்டெலிகள்" என்று முழு எண்ணாகப் போட்டிருந்தேன். எத்தனை தாய், எத்தனை ஆண், இனவிருத்தியில் பயன்படாத மரபணு வகையோடு பிறக்கும் குட்டிகள் எத்தனை, அவற்றை என்ன செய்யப் போகிறேன் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 4ஆம் படியில் இருக்கும் கணக்கை அப்படியே படிவத்தில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் முறை, கருக்களை எப்படி முடிக்கப் போகிறேன் என்று எழுதவில்லை. தாய்க்கு கார்பன் டை ஆக்சைடு, பிறகு கழுத்தெலும்பு விலக்கல் என்று எழுதியிருந்தேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கர்ப்பத்தின் கடைசி வாரத்துக் கருக்கள் விஷயத்தில் அது போதாது. 15 நாளைத் தாண்டிய கரு எடுப்பதாக இருந்தால் அவற்றுக்கான முறையைத் தனியாக எழுத வேண்டும்.

மரபணு மாற்றிய சுண்டெலி என்றால், க்ரீ (குறிப்பிட்ட செல்களில் மட்டும் ஜீனை வெட்டி நீக்க உதவும் நொதி) இருந்தாலே அது மரபணு மாற்றியதுதான், நிறுவன உயிரினப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இது தனிக் குழு, தனி விண்ணப்பம், தனிக் கூட்டம். இரண்டு குழுக்களும் ஒரே மாதத்தில் கூடும் என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் நெறிமுறைக் குழு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறது. கூட்டத் தேதியையும், விண்ணப்பம் கொடுக்கக் கடைசித் தேதியையும் முதலில் கேட்டு வாங்குங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு பருவமே போய்விடும்.

டமாக்ஸிஃபென் (சில க்ரீ வகைகளை இயக்கும் மருந்து), எட்யூ (பிரியும் செல்களை அடையாளம் காட்டுவது) என்று தாய்க்கு எதை ஊசியில் போடப்போகிறீர்களோ எல்லாவற்றையும் முதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு சேர்ப்பதற்குத் திருத்த விண்ணப்பம், மறுபடி ஒரு கூட்டம். எட்யூ வேண்டும் என்று எனக்குப் பாதியில்தான் தோன்றியது. அதற்கு நான்கு மாதம் காத்திருந்தேன்.

3. சுண்டெலிகளை வரவழைப்பது

முதலில் பக்கத்தில் தேடுங்கள். வின்ட்1-க்ரீ, வில்லின்-க்ரீ, ரோசா26 டிடிடொமேட்டோ (க்ரீ இயங்கிய செல்கள் சிவப்பாக ஒளிரும்) போன்ற வகைகள் இந்தியாவிலேயே ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மின்னஞ்சலில் கிடைக்கக்கூடிய வகைக்காக அமெரிக்காவுக்கு எழுத வேண்டாம். பெங்களூர் என்சிபிஎஸ் வளாகத்தில் இருப்பது போன்ற பெரிய விலங்ககங்களிடம் என்ன வகைகள் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த க்ரீ வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. நரம்பு முகடு செல்களுக்கு வின்ட்1-க்ரீ. அகப்படலத்தில் ஆரம்பத்திலேயே நீக்க எஸ்ஹெச்ஹெச்-க்ரீ. வில்லின்-க்ரீ இயங்கத் தொடங்குவதே 12.5 நாள் வாக்கில்தான். 10 நாள் நிகழ்வை ஆராய அதை வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்னொரு விஷயம், பழைய வின்ட்1-க்ரீ வகையில் நடுமூளையில் வின்ட்1 ஜீனே கூடுதலாக இயங்கும். அதைத் தவிர்க்கத்தான் வின்ட்1-க்ரீ2 உருவாக்கினார்கள். வாங்கும்போது எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எம்ஜிஐ என்ற சுண்டெலி மரபணுத் தரவுத்தளம் இலவசம். ஒவ்வொரு வகையின் குறைகளும் அதில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால் காகிதம் பல மடங்காகும்: இறக்குமதி அனுமதி, உயிரினப் பாதுகாப்புக் குழுவின் கடிதம், அனுப்புகிற இடத்தின் சுகாதார அறிக்கை. இன்னொரு பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வந்தால் எம்டிஏ என்ற பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் சேரும். இந்த எம்டிஏதான் சத்தமில்லாமல் மாதங்களைத் தின்னும். இரண்டு பக்கத்துச் சட்டப் பிரிவுகளும் ஒரு வாக்கியத்துக்காக மின்னஞ்சல் போட்டுக்கொண்டே இருக்கும். பட்டியலை உங்கள் விலங்ககத்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உங்கள் கட்டடத்தில் இருக்க மாட்டார்.

வந்து இறங்கிய பிறகும் கணக்கு இருக்கிறது. தனிமைப்படுத்தல் நான்கிலிருந்து ஆறு வாரம். பிறகு இனவிருத்தி: கர்ப்பம் மூன்று வாரம், பால் மறக்க மூன்று வாரம், இணை சேரும் வயது வர இன்னும் சில வாரம். ஒரு தலைமுறைக்குப் பத்து வாரம் என்று வையுங்கள். க்ரீ வகையையும் ஃப்ளாக்ஸ் வகையையும் (ஜீனின் இருபுறமும் க்ரீ வெட்டுவதற்கான குறி உள்ளது) சேர்த்து வேண்டிய ஆண் சுண்டெலி கிடைக்க ஒரு தலைமுறை. அதை மறுபடி ஃப்ளாக்ஸ் தாயோடு சேர்த்தால்தான் முதல் கரு. சுண்டெலி வந்த நாளிலிருந்து முதல் உருப்படியான கருவுக்கு நான்கு, ஐந்து மாதம். வழிகாட்டிப் பேராசிரியரிடம் "அடுத்த மாதம் டேட்டா" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

4. எத்தனை ஈற்று வேண்டும்?

ஒரே தாயின் ஒரே கர்ப்பத்தில் வரும் கருக்களை இங்கே ஈற்று என்று சொல்கிறேன். ஆய்வகத்தில் எல்லாரும் லிட்டர் என்பார்கள், பால் அளவோடு குழம்பிப் போகும்.

வழக்கமான இணை: க்ரீயும் ஒரு ஃப்ளாக்ஸ் நகலும் உள்ள ஆண், இரண்டு ஃப்ளாக்ஸ் நகலும் உள்ள பெண். நான்கில் ஒரு கரு உங்களுக்கு வேண்டிய வகை. பிளாக்6 (ஆய்வகங்களில் பரவலாக உள்ள சுண்டெலி வகை) தாயிடம் எட்டுக் கருக்கள் கிடைக்கும் என்று வைத்தால் சராசரியாக இரண்டு. ஆனால் சராசரியை நம்பித் திட்டமிடக் கூடாது. எட்டில் ஒன்றுகூட வேண்டிய வகையாக இல்லாமல் போக 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது பத்தில் ஒரு நாள் காலை முழுக்க உழைத்துவிட்டு வெறுங்கையோடு போவீர்கள்.

ஒரு வயதுக்கு ஐந்து கருக்கள் வேண்டும் என்றால்? மூன்று ஈற்று, 24 கருக்கள், சராசரி ஆறு. போதும்போலத் தோன்றும். கணக்குப் போட்டால், ஐந்துகூடக் கிடைக்காமல் போக நான்கில் ஒரு வாய்ப்பு. நான்கு ஈற்று என்றால் அது 7 சதவீதமாகக் குறைகிறது. எனவே ஒரு வயதுக்கு நான்கு ஈற்று என்று எழுதுங்கள். இரண்டு வயது பார்த்தால் எட்டு. வெட்டுத்துண்டுகளுக்கும் முழுக்குடல் சாயத்துக்கும் தனித்தனிக் கருக்கள் என்றால் பதினாறு.

ஒரே கருவில் இரண்டு ஜீன்களை, இரண்டிலும் ஒரு நகல் மட்டும் நீக்கிய பெற்றோரைச் சேர்த்து நீக்கப் பார்த்தால் பதினாறில் ஒன்றுதான் வேண்டியது. எட்டுக் கருக்கள் உள்ள ஈற்றில் ஒன்றும் கிடைக்காமல் போக 60 சதவீத வாய்ப்பு. அதற்குப் பதில் இனவிருத்தியில் ஒரு தலைமுறை கூடச் செலவழித்து நல்ல பெற்றோரை உருவாக்குங்கள். பத்து வாரம் போனாலும் நூற்றுக்கணக்கான கருக்கள் மிச்சம்.

மாதிரி அளவுக் கணக்குக்கு ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் போதும். என்சி3ஆர்எஸ் அமைப்பின் பரிசோதனை வடிவமைப்பு உதவியாளரும் இணையத்தில் இலவசம். அதில் வரையும் படத்தைப் படிவம் பி-யோடு இணைத்தபோது என் குழுவில் கேள்விகள் குறைந்தன.

5. இணை சேர்ப்பதும் பிளக் பார்ப்பதும்

பெண் சுண்டெலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறைதான் சினை. சும்மா பத்துப் பெண்களை ஓரிரவு ஆணோடு விட்டால் இரண்டு பிளக் (இணை சேர்ந்ததன் அடையாளம்) கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு தந்திரம் இருக்கிறது. பெண்களை மட்டும் ஒன்றாக அடைத்து வைத்திருந்தால் சினைச் சுழற்சி மந்தமாகிவிடும். அப்புறம் ஆணின் கூண்டிலிருந்து அழுக்கான மரத்தூளைக் கொஞ்சம் எடுத்துப் பெண்களின் கூண்டில் போட்டால், மூன்றாவது இரவில் பலரும் ஒன்றாகச் சினைக்கு வருவார்கள். மூத்திர வாசனைதான் காரணம். காசு செலவில்லாத முறை.

பிளக் என்பது பெண்ணின் பிறப்புறுப்பில் உறைந்திருக்கும் வெள்ளை அடைப்பு. காலை 9 மணிக்குள் பாருங்கள். மதியத்துக்குள் விழுந்துவிடும் அல்லது கரைந்துவிடும். பிளக் கண்ட நாளின் நண்பகல் 0.5 நாள். பிளக் இருந்தாலே கர்ப்பம் என்று அர்த்தமில்லை. 10 நாள் வாக்கில் எடை போட்டுப் பாருங்கள், ஏறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இணை சேருங்கள். திங்கட்கிழமை பிளக் என்றால் 11.5 நாள் அடுத்த வார வெள்ளி, 13.5 நாள் ஞாயிறு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதை டிசம்பர் கடைசியிலேயே யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று விலங்ககத்தில் நானும் காவலாளியும் மட்டும் இருந்தோம்.

6. வயதைக் கருவிடமே கேளுங்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

"11.5 நாள்" என்பது நாம் ஊகித்த எண். இணை நள்ளிரவில் சேர்ந்ததா, விடியலுக்கு முன் சேர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஒரே ஈற்றுக்குள்ளேயே ஒரு கரு இன்னொன்றைவிட அரை நாள் பின்தங்கியிருக்கும். வகைக்கு வகையும் மாறும். குடலில் நரம்பு முகடு செல்களின் முன்வரிசை மணிக்கு ஏறக்குறைய 30 முதல் 40 மைக்ரான் நகர்கிறது. காலை 9க்கும் மாலை 6க்கும் இடையில் ஒன்பது மணி நேரம். அதற்குள் அவை ஏறக்குறைய 300 மைக்ரான் போயிருக்கும். குட்டிப் பெருங்குடலில் அது பெரிய தூரம். என்னுடைய "கண்டுபிடிப்பு" அந்தத் தூரம்தான்.

செய்ய வேண்டியவை:

கரு எடுக்கும் நேரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது எப்போதுமே நண்பகல் 12 மணிக்கு எடுக்கிறேன்.

10.5 நாள்வரை சோமைட்டுகளை (கருவின் முதுகோரம் வரிசையாகத் தெரியும் திசுக் கட்டிகள்) எண்ணுங்கள். 8.5 நாளில் ஏறக்குறைய 8 முதல் 12, 9.5 நாளில் 21 முதல் 29, 10.5 நாளில் 35க்கு மேல். எண்ணிக்கையைக் கருவின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

அதற்கு மேல் சோமைட் எண்ணுவது கஷ்டம். கால்மொட்டைப் படம் எடுங்கள். 11.5 நாளில் கைமொட்டு துடுப்புபோல இருக்கும். 12.5 நாளில் விரல் கோடுகள் தெரியும். 13.5 நாளில் விரல்களுக்கு இடையே பள்ளம் விழத் தொடங்கும். ஒவ்வொரு கருவுக்கும் ஒரு படம், ஒரே உருப்பெருக்கத்தில், அளவுகோலோடு. இரண்டு நிமிட வேலை. ஏழு மாதக் குழப்பத்தை எனக்குத் தீர்த்துவைத்தது தற்செயலாக எடுத்து வைத்திருந்த சில கால்மொட்டுப் படங்கள்தான்.

இன்னொரு பொறி: சில ஜீன்களை நீக்கினால் கருவே மொத்தமாகச் சிறுத்துப் பின்தங்கும். அப்போது குடல் மட்டும் பின்தங்கியிருக்கிறதா, எல்லாமே பின்தங்கியிருக்கிறதா? கால்மொட்டு நிலை ஒன்றாக இருக்கும் கருக்களை ஒப்பிட்டால்தான் பதில் வரும். நாள் எண்ணை வைத்து ஒப்பிட்டால் வராது.

7. ஒப்பீட்டுக் கருக்கள், டமாக்ஸிஃபென்

ஒப்பீட்டுக் கரு அதே ஈற்றிலிருந்து வர வேண்டும். வேறு தாய், வேறு நாள், சென்ற ஆண்டு ஃப்ரீசரில் வைத்தது எதுவும் வேண்டாம். க்ரீ இல்லாதவற்றை மட்டும் ஒப்பீடாக வைக்காமல், க்ரீ இருந்து ஒரு ஃப்ளாக்ஸ் நகல் மட்டும் உள்ளவற்றையும் வையுங்கள். க்ரீயே ஏதாவது செய்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

டமாக்ஸிஃபென் கொடுத்து இயக்கும் க்ரீ என்றால், தாய்க்குக் கொடுக்கும் மருந்து எல்லாக் கருக்களுக்கும் போகிறது. அதனால் கரு எத்தனை இருந்தாலும், மருந்தின் விளைவைப் பொறுத்தவரை ஒரு தாய் ஒரு எண்ணிக்கைதான். ஒரு தாயின் எட்டுக் கருக்களை எட்டு என்று எண்ணி எழுதிய கட்டுரை மதிப்பாய்வில் அடிபடும். அளவைக் குறைவாகத் தொடங்குங்கள், தாய்க்கு 1 மில்லிகிராமிலிருந்து. அதிகமானால் கர்ப்பம் கலையும். கூடவே புரோஜெஸ்டிரோன் கொடுப்பது கலைவதைக் குறைக்கும். மருந்து கொடுத்ததும் ஜீன் உடனே போய்விடாது, ஒரு நாளாவது விடுங்கள். புரதம் மறைய இன்னும் ஆகும். 11.5 நாளில் விளைவு வேண்டும் என்றால் 9.5 நாளில் ஊசி. டமாக்ஸிஃபெனைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஆய்வகத்தில் கர்ப்பமாக இருப்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

8. கரு எடுக்கும் நாள்

முந்தின நாளே செய்து வையுங்கள்: குளிர்ந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்), புதிதாகக் கரைத்த 4 சதவீத பிஎஃப்ஏ (திசுவைக் கெடாமல் நிலைப்படுத்துவது), 24 குழித் தட்டு, எண் போட்ட குழாய்கள், நுனி வளையாத 5ஆம் எண் ஃபோர்செப்ஸ் இரண்டு. ஃபோர்செப்ஸை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். நட்பு வேறு, நுனி வேறு.

ஒரு கரு ஒரு குழி. வரிசை: கால்மொட்டுப் படம், வால் நுனி மரபணுச் சோதனைக்கு, பிறகு குடல். 10.5 நாளுக்கு முன் வால் போதாது, மஞ்சள்கருப் பை எடுங்கள். அதை மூன்று முறை பிபிஎஸ்ஸில் அலசுங்கள். தாயின் திசு ஒட்டியிருந்தால் மரபணு வகை தப்பாக வரும், கருவைத் தப்பான பெட்டியில் போட்டுவிடுவீர்கள்.

அடுத்தது எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு. 12 நாள் வாக்கிலிருந்து 16 நாள்வரை நடுக்குடலின் வளைவு வயிற்றுக்கு வெளியே, தொப்புள்கொடிக்குள் இருக்கும். இது இயல்பான வளர்ச்சிதான், பிறகு தானாக உள்ளே திரும்பும். நீங்கள் கொடியை வயிற்றோடு ஒட்டி நறுக்கினால் குடலின் பாதி குப்பைத்தொட்டிக்குப் போகும். கொடியை நீளமாக விட்டு நறுக்குங்கள். பிறகு கொடியின் உறையைக் கிழித்து வளைவை வெளியே எடுங்கள். இரைப்பையைப் பிடித்துக்கொண்டு முதுகுப்பக்கச் சவ்வை மெதுவாக விடுவித்தால் இரைப்பையிலிருந்து பெருங்குடல்வரை ஒரே துண்டாக வரும். முதல் பத்துக் கருக்களைப் பழகுவதற்கென்றே சாதாரணச் சுண்டெலியில் எடுங்கள், அதையும் படிவத்தில் எழுதிவிட்டு.

பிஎஃப்ஏயில் 11.5 நாள் குடலை மட்டும் என்றால் 4 டிகிரியில் ஒன்று, இரண்டு மணி நேரம் எனக்குப் போதுமாக இருந்தது. இரவு முழுக்க விட்டால் சில ஆன்டிபாடிகள் ஒட்டவே ஒட்டாது. டிடிடொமேட்டோவின் ஒளியை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றால் மெத்தனாலில் போடாதீர்கள், ஒளி செத்துப்போகும். சேமிக்க வசதி என்று நான் ஒரு ஈற்று முழுவதையும் மெத்தனாலில் போட்டேன். மறுநாள் எல்லாமே இருட்டு.

வெட்டுத்துண்டு எடுப்பதாக இருந்தால் குடலை முதலிலேயே பிரியுங்கள்: இரைப்பை, முன்சிறுகுடல், பின்சிறுகுடல், சீகம், பெருங்குடல். மெழுகிலோ உறைபசையிலோ போன பிறகு சுருண்ட குடலில் எது எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாது. 15.5 நாளில் முன்சிறுகுடலில் குடலுறிஞ்சி இருக்கும், பின்சிறுகுடலில் இருக்காது. இடம் மாறி ஒப்பிட்டால் ஒரு "குறைபாடு" ரெடி. சீகம் நல்ல அடையாளக்கல். எல்லாத் தூரத்தையும் அதிலிருந்து அளந்து எழுதுங்கள்.

9. செலவு

புதியவர்கள் ஆன்டிபாடி விலையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். நான் வாங்கியபோது ஒரு குப்பி 30,000 முதல் 50,000 ரூபாய்வரை வந்தது. ஆனால் சத்தமில்லாமல் பணத்தைக் கரைப்பது கேஜ் வாடகை. உங்கள் விலங்ககத்தில் கேஜுக்கு நாளைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 கேஜுக்கு ஆண்டுக்கு 2,19,000 ரூபாய். கருவே எடுக்காத மாதத்துக்கும் அது ஓடும். வேண்டாத மரபணு வகைக் குட்டிகளைப் பால் மறந்த வாரமே அடையாளம் கண்டு குறைத்துவிடுங்கள்.

ஆன்டிபாடியில் தொடங்க ஐந்து போதும். நரம்பு முகடு செல்களுக்கு சாக்ஸ்10, நரம்புக்கு டஜ்1, அகப்படலத்துக்கு ஈ-கேட்ஹெரின், தசைக்கு ஆல்ஃபா ஆக்டின், பிரியும் செல்லுக்கு பாஸ்போ ஹிஸ்டோன் எச்3. ஒரே குடலில் இரண்டு மூன்று ஆன்டிபாடியைச் சேர்த்துப் போட வேண்டுமானால் அவை வேறு வேறு விலங்குகளில் உருவானவையாக இருக்க வேண்டும், முயல், ஆடு என்று. வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அயோவா பல்கலைக்கழகத்து ஹைபிரிடோமா வங்கியில் பல ஆன்டிபாடிகள் வணிக விலையைவிட மிக மலிவு. அனுப்பும் செலவுதான் கூட வரும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள்.

ஆர்டர் போட்டு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று எல்லா ஆய்வகங்களும் பிப்ரவரியில் ஒரே நேரத்தில் ஆர்டர் போடும். நவம்பரிலேயே மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்துவிடுங்கள்.

10. கரு வேண்டாம், குடல் மட்டும் போதும் என்றால்

சில கேள்விகளுக்கு ஜீனை நீக்கவே வேண்டியதில்லை. 11.5 நாள் குடலை வெளியே எடுத்து, வடிதாளில் சிறு பள்ளம் வெட்டி, அதன் குறுக்கே தொங்கவிட்டு வளர்ப்பூடகத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தால் நரம்பு முகடு செல்கள் தொடர்ந்து நகரும். அதில் மருந்து சேர்த்துப் பார்க்கலாம். ஒரே ஈற்றின் குடல்களைப் பாதிக்குப் பாதி பிரித்துவிட்டால் வயது வித்தியாசத் தொல்லையும் குறைகிறது. மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓவை மட்டும் போட்ட குடல்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் குடல் தட்டில் ஒட்டிக்கொண்டால் சுருங்கி நீளம் மாறிவிடும். நீள அளவை நம்பும் பரிசோதனைக்கு இது ஆகாது.

11. எண்ணுவதும் எடுத்து வைப்பதும்

படம் எடுப்பவருக்கும் எண்ணுபவருக்கும் மரபணு வகை தெரியக் கூடாது. கருவுக்கு எண் மட்டும் கொடுங்கள், மரபணு முடிவை வேறொருவரின் நோட்டில் வையுங்கள். எண்ணி முடித்த பிறகு சேர்த்துப் பாருங்கள். நரம்பு முன்வரிசை எங்கே இருக்கிறது என்பதை மைக்ரானில் மட்டும் எழுதாமல், அந்தக் குடல் பகுதியின் நீளத்தில் எத்தனை சதவீதம் என்றும் எழுதுங்கள். சின்னக் கருவும் பெரிய கருவும் அப்போதுதான் ஒரே தராசில் நிற்கும். எந்தக் கருவை ஏன் விலக்கினீர்கள் என்பதையும் அன்றன்றே குறித்து வையுங்கள். 2020இல் புதுப்பித்த அரைவ் நெறிமுறைகளில் இதையெல்லாம் கேட்கிறார்கள், இதழ்களும் கேட்கின்றன.

ஒவ்வொரு ஈற்றிலிருந்தும் மீதமாகும் வால் துண்டை மைனஸ் 20இல் வைத்திருங்கள். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பாய்வாளர் "கருவின் பாலினம் என்ன?" என்று கேட்பார். அப்போது அந்த வால்தான் கைகொடுக்கும். குழாயில் பெயரைப் பென்சிலால் எழுதிய தாளை உள்ளேயே போட்டு வையுங்கள். மார்க்கரில் எழுதியது ஒரு சொட்டு மெத்தனால் பட்டாலே அழிந்துபோகும். என் ஃப்ரீசரில் பெயரில்லாத குழாய்கள் பதினேழு இன்னும் இருக்கின்றன.